மணலில் இறங்கும் பூ

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையை நோக்கிச் செல்பவர், ஏரிக்கரைகளும் நெல்வயல்களும் ஒவ்வொன்றாகப் பின்தங்க, செம்மண் மெல்ல மெல்ல வெளுத்து மணலாகிச் சவுக்குத் தோப்புகளின் இரைச்சல் காதில் விழத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால், முழங்காலளவுகூட உயராத பசுஞ்செடிகள் தரையோடு படிந்து கிடக்கும் கொல்லைகளைக் காண்பார். இந்தக் கொல்லைகளில் விளையும் பயிரைப் பட்டணத்தார் வேர்க்கடலை என்கிறார்கள். பாடப் புத்தகங்கள் நிலக்கடலை என்கின்றன. இந்தப் பக்கத்துக் குடியானவர்களோ மல்லாட்டை என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். மணிலாக்கொட்டை என்பதே நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென்னமெரிக்காவில், இன்றைய பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் பிரதேசத்தில் தோன்றிய இந்தச் செடி, உலகத்தை ஏறக்குறையச் சுற்றி வந்து நம் மண்ணில் இறங்கிய கதையின் ஒரு துணுக்கு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெக்சிகோவின் அகாபுல்கோ துறைக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் 1565ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கின என்பதை நினைத்தால், நம் குடியானவன் ஏன் மணிலாவின் பெயரைச் சொல்லுகிறான் என்பது விளங்கும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஏழாம் நூற்றாண்டில் யானைக் கூட்டத்தையும் தவம் செய்யும் பூனையையும் செதுக்கிய சிற்பிகள் இந்தக் கடலையைக் கண்டதில்லை. கடலை என்ற சொல்லே அக்காலத்தில் கொண்டைக்கடலைக்கு உரியது; பின்னால் வந்த இந்தப் புதிய விருந்தாளி நிலம் என்றும் வேர் என்றும் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் பங்கு பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டில் இப்பயிர் பெருகி, புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும் கப்பலேறிற்று. அந்தப் பெருக்கத்தின் வடக்கு ஓரம்தான் நாம் நிற்கும் இந்த மணற்கொல்லை.

வேர்க்கடலை என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். அது வேரில் காய்ப்பதன்று. செடியைப் பிடுங்கினால் அடியில் காய்கள் கொத்தாகத் தொங்குவதைக் கண்ட எவருக்கும் அது வேரின் விளைவாகவே தோன்றும். ஆனால் வேரில் உண்மையாகவே தொங்குபவை வேறு. கடுகளவு உருண்டைகள் அங்கே நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும்; ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே மாமிசத்தைப் போன்ற இளஞ்சிவப்பு தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் அறைகள் அவை. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்துக்கு நிறம் தரும் பொருளின் உறவினமான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. கடலைக்கும் இந்த முடிச்சுகளுக்கும் சம்பந்தம் உண்டு. ஆயினும் கடலையின் பிறப்பு மண்ணுக்குக் கீழே நிகழ்வதன்று, மேலே, வெளிச்சத்தில், ஒரு பூவில் நிகழ்வது.

பங்குனிக் கடைசியில், பாலாற்றின் வடகரையை ஒட்டிய ஒரு கொல்லையில், மார்கழியில் விதைத்த கடலை பக்குவத்தை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் நெடுநேரம் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. அறுப்பு நெருங்கிய செடியிலும் பிந்திய பூக்கள் இரண்டொன்று இருக்கும். பொழுது புலரும் வேளையில் விரிந்து, உச்சிப்பொழுதுக்குள் துவண்டு, மாலையில் நிறம் மங்கித் தலைசாயும் அந்த மஞ்சள் பூ, அவரையின் குலத்தைச் சேர்ந்தது என்பதை வடிவத்திலேயே காட்டிவிடுகிறது. அதைத் தாங்கி நிற்கும் மெல்லிய தண்டைக் காம்பென்றுதான் எவரும் எண்ணுவார்கள். அது காம்பன்று, பூவின் புல்லிவட்டமே நூலைப் போல் நீண்டு குழலாகியிருக்கிறது. கருப்பையாகிய சூலகமோ, அந்தக் குழலின் அடியில், இலையும் தண்டும் சேரும் கவட்டில், கண்ணுக்குத் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்கிறது. அந்த மகரந்தம் மேலிருந்து இழை விட்டு, விரலளவு நீளமுள்ள அந்தக் குழலுக்குள் இறங்கிச் சூலகத்தைச் சில மணி நேரத்தில் அடைகிறது.

அதன்பின் நடப்பதற்கு ஈடான காட்சியைத் தாவர உலகத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பூ உதிர்ந்த ஒரு வாரத்துக்குள், சூலகத்தின் அடியிலுள்ள திசு வளர ஆரம்பித்து, கருவைத் தன் நுனியில் சுமந்தபடி ஓர் ஊசியைப் போல் வெளியே நீள்கிறது. செடியின் மற்றக் கிளைகளெல்லாம் சூரியனை நோக்கி எழும்போது இது மட்டும் பூமியை நோக்கித் தலைகுனிந்து செல்கிறது. குடியானவர்கள் இதை விழுது என்கிறார்கள். ஆலின் விழுதை அறிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான வேறு சொல்லைத் தேடியிருக்க மாட்டார்கள். நுனியிலுள்ள சில உயிரணுக்களுக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. அவை தம் கனத்தால் எந்தப் பக்கம் படிகின்றனவோ அந்தப் பக்கம் கீழ் என்பதை விழுது உணர்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினாலும் சில மணி நேரத்தில் மீண்டும் வளைந்து தரையைத் தேடும். மண்ணைத் தொட்டு, கடினமான தன் நுனியால் அதைத் துளைத்து, நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போனபின் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, படுத்த நிலையில் திரும்பி, அங்கேதான் பருக்கத் தொடங்குகிறது. வெளிச்சம் இருக்கும்வரை கரு வளராமல் உறங்கிக் கிடக்கும். இருளும் மண்ணின் ஸ்பரிசமும் சேர்ந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். செடியின் உச்சியில், தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் பூத்த பூக்களின் விழுதுகள் மண்ணை எட்டாமலே காய்ந்து கருகி நிற்பதை அன்று பல செடிகளில் கண்டேன். பூக்கும் பூக்களில் பத்துக்கு ஓரிரண்டே காயாகின்றன.

மணற்பாங்கான நிலத்தை இந்தப் பயிர் விரும்புவதன் காரணம் இப்போது எவருக்கும் தெரிந்துவிடும். களிமண் காய்ந்து இறுகினால் விழுது அதைத் துளைக்க மாட்டாது. துளைத்தாலும், பிடுங்கும்போது காய் மண்ணோடு தங்கிவிடும். ஆனால் மணலுக்கு ஒரு குறையும் உண்டு. அது சத்துக்களைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. கடலைக்கு இன்றியமையாத சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேரால் உறிஞ்சப்பட்டு நீரோடு மேலேறும். இலையின் வழியாக நீர் ஆவியாகிப் போகும்போது இலையிலேயே தங்கிவிடும். இலையில் தயாராகும் சர்க்கரையோடு அது கீழே திரும்பி வருவதில்லை. மண்ணுக்குள் புதைந்த காயோ நீரை ஆவியாக்கும் இடத்தில் இல்லை. ஆகையால் வேரேறிய கால்சியத்தில் அதற்குப் பங்கு கிடைப்பதில்லை. காய் தனக்கு வேண்டியதைத் தன் ஓட்டின் வழியாகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செடி எவ்வளவு செழிப்பாக நின்றாலும், காயைச் சுற்றி இரண்டங்குல மண்ணில் கால்சியம் இல்லையென்றால், ஓடு பருத்துப் பருப்பு இல்லாத பொக்கையாகவே முடியும். விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், விழுது இறங்கும் தருணத்தில், ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தைச் செடியின் தூரில் இட்டு மண் அணைக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறையார் வற்புறுத்துவது இதனால்தான். அதன்பின் கொல்லையில் களைக்கொத்தை இறக்கக் கூடாது. இறங்கிய விழுது அறுந்துபோகும்.

காய் பழுத்ததா இல்லையா என்பதை மாமரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடலாம். நெற்கதிரைக் கையில் வாங்கிச் சொல்லிவிடலாம். கடலையிலோ எல்லாம் மறைவில் நடக்கின்றன. ஒரே செடியில், முதல் வாரத்துப் பூவின் காய் முதிர்ந்து நிற்க, கடைசி வாரத்துப் பூவின் காய் பால் பிடிக்காத பிஞ்சாக இருக்கும். கொத்துக்கடலை என்ற நிமிர்ந்து வளரும் வகைக்கு ஏறக்குறைய 105 நாட்கள் என்பது கணக்கு. செங்கற்பட்டுக்குத் தெற்கே திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில், குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, பல தலைமுறைகளுக்கு இந்தியா முழுவதும் பயிராகிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகத்துக்கும் அதே கணக்குத்தான். ஆனால் நாட்கணக்கு மழையையும் வெயிலையும் அறியாது. அறிந்த கைகளே அதை அறியவேண்டும்.

அந்தக் கொல்லைக்குரிய மூதாட்டி அன்று வந்து, நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக நான்கு செடிகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு காயைப் பெருவிரலால் நசுக்கிப் பிளந்து, பருப்பை ஒதுக்கிவிட்டு ஓட்டின் உட்புறத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பருப்பைப் பார்க்காமல் ஓட்டைப் பார்ப்பானேன் என்று நான் கேட்டேன்.

"பருப்பு ஏமாத்தும் ஐயா, ஓடு ஏமாத்தாது. உள்ள கருப்பு ஓடியிருக்கா பாருங்க. இது முத்திப்போச்சு. இதோ இந்தக் காயி இன்னும் வெளுப்பு. நாலு நாளு நிக்கட்டும்."

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் உடற்கூறு வெகு தெளிவானது. இளங்காயின் ஓட்டுக்குள் வெண்பஞ்சு போன்ற ஈரமான ஒரு படலம் இருக்கிறது. வளரும் விதைக்கு அதுவே தொட்டிலும் உணவறையும். விதை தன் வயிற்றை நிரப்பிக்கொள்ள நிரப்பிக்கொள்ள, அந்தப் பஞ்சு வற்றிச் சுருங்கி, மெல்லிய தாளாகி, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு கூடிப் பழுப்பாகவும் கருமையாகவும் மாறுகின்றன. ஆகவே ஓட்டின் உட்புறக் கருமை என்பது விதைக்கு ஊட்டம் வந்துசேர்ந்து முடிந்தது என்பதற்கு எழுதிவைத்த ரசீது. பிடுங்கிய காய்களில் முக்கால் பங்குக்கு அந்தக் கருமை இருந்தால் அறுப்பைத் தொடங்கலாம் என்பது பொதுவான விதி. முந்தினால் எண்ணெய் குறையும், பருப்பு சுருங்கும். பிந்தினால் விழுது நைந்து, இழுத்தவுடன் அறுந்து, நல்ல முதிர்ந்த காய்களாகப் பார்த்து மண்ணில் தங்கிவிடும். ஆடிப் பட்டத்தில் விதைத்து ஐப்பசியில் அறுப்பவர்களுக்கு இன்னொரு கவலை. கொத்துக்கடலையின் விதைக்கு உறக்கம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை முன்னதாக இறங்கிவிட்டால், பிடுங்காத செடியிலேயே, மண்ணுக்குள்ளேயே, கடலை முளைவிட்டுவிடும். இந்தக் கடற்கரைக்கு ஆண்டின் மழையில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் என்பதை எண்ணும்போது, அந்த மூதாட்டியின் நாலு நாள் என்ற சொல்லில் எவ்வளவு பொறுப்பு அடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் காலையில், முந்தின மாலை பாய்ச்சிய நீரில் மண் நெகிழ்ந்திருக்க, பெண்கள் வரிசையாகக் குனிந்து செடிகளைத் தூரோடு பற்றிப் பிடுங்கி, வேரை மேலாகப் பார்த்துச் சிறு சிறு குவியல்களாகச் சாய்த்துக்கொண்டே போனார்கள். பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். ஒரு கை செடியைப் பிடிக்க, மறுகை விரல்கள் காம்பைத் திருகிக் காயை எடுத்துவிடும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. பிஞ்சு தனி, சொத்தை தனி, முதிர்ந்தது தனி. ஆய்ந்த கொடி மாட்டுக்கு. கடலை போட்ட மண் உரம் பெறும் என்று புத்தகங்களில் எழுதிவருகிறோம். வேர்முடிச்சோடு செடி முழுவதையும் பிடுங்கி, காயை வீட்டுக்கும் கொடியைத் தொழுவத்துக்கும் அனுப்பிவிட்டால், செடி சேர்த்த நைட்ரஜனில் பெரும்பங்கு அதோடு போய்விடுகிறது என்பதே என் அபிப்பிராயம். தொழுவத்துச் சாணம் திரும்பக் கொல்லைக்கு வந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

மண்ணிலிருந்து எடுத்த காயின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். இந்த நீர்தான் பச்சைக் கடலையின் சுவை. இந்த நீர்தான் அதன் அபாயமும். செடியை விட்டுப் பிரிந்தபின்னும் விதை உயிரோடுதான் இருக்கிறது, அது சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து உஷ்ணத்தை வெளிவிடுகிறது. சாக்கில் இறுகக் கட்டிய பச்சைக் கடலைக்குள் மறுநாள் கையை விட்டுப் பார்த்தால் அது கதகதப்பாக இருப்பதும், புளிப்பு வாடை எழுவதும் இதனால்தான். காலையில் ஆய்ந்ததை மாலைக்குள் அவித்துவிட வேண்டும் என்ற கிராமத்து வழக்கத்துக்குச் சாஸ்திரம் தரும் விளக்கம் இதுவே.

சேமித்து வைக்க வேண்டிய கடலையின் கதை வேறு. அதை எட்டு சதவீத ஈரத்துக்குக் காயவைத்தாக வேண்டும். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலக்க வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். அவ்வளவு ஈரம் குறையும்வரை, ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பச்சைப் பூசணத்துக்கு அது திறந்த வீடு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாத நோயால் இறந்தன; அவற்றுக்கு இட்ட தீவனத்திலிருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்தப் பூசணம் சுரந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அதன்பின் கண்டறியப்பட்டது. ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்கும் அந்த நஞ்சு, அவிப்பதாலோ வறுப்பதாலோ முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. கடைசி மாதத்தில் நீரின்றி வாடிய செடியின் காய்க்குள் பூசணம் மண்ணிலேயே நுழைந்துவிடுவதும் உண்டு. ஆகையால் கறுத்ததையும் சுருங்கியதையும் வாயில் வைத்தவுடன் கசந்ததையும் தாட்சண்யமின்றித் துப்பிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் அதையே பழக்க வேண்டும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். முதிரும் விதையில் சர்க்கரை குறைந்து எண்ணெய் ஏறுகிறது. காய்ந்து முற்றிய பருப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு எண்ணெய்தான். சற்றே இளசாக, அன்றே பிடுங்கிய காயில் சர்க்கரை மிகுதி, நீர் மிகுதி. அதைப் பச்சையாக மென்றால் பாலும் பச்சைப்பட்டாணியும் கலந்த ஒரு சுவை. அதை வறுப்பது வீண்; மணல் சட்டியின் உஷ்ணமெல்லாம் முதலில் நீரை விரட்டுவதிலேயே கழியும். கடற்கரையில் காற்றுவாங்க வருபவர்களை நெடுந்தொலைவிலிருந்தே இழுக்கும் வறுகடலையின் மணம், 1912ஆம் ஆண்டில் மெய்லார்டு என்ற பிரெஞ்சு ரசாயனி விவரித்த வினையால், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வறண்ட உஷ்ணத்தில் கூடிப் பைரசீன்களை உண்டாக்குவதால் வருவது. நன்றாகக் காய்ந்த முதிர்கடலைக்கே அது கைகூடும். பச்சைக்கு உரியது அவியல்தான்.

மூதாட்டியின் வீட்டு முற்றத்தில் மூன்று கல் அடுப்பின்மேல் ஒரு பெரிய அலுமினியக் குண்டான் ஏறியிருந்தது. காய்களை மூன்று முறை அலசினார்கள். மூன்றாம் முறையும் அடியில் மணல் நின்றது. காய் மூழ்க நீரும், கடல்நீரை நினைவூட்டும் அளவுக்குக் கல்லுப்பும் போட்டார்கள். உப்பை முதலிலேயே போடலாமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு, போடுவதே நல்லது. தாவரச் சுவர்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பருப்பை நெகிழவைக்கிறது. அதே காரணத்தால், சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் கடலை வேகத் தாமதமாகும். சீக்கிரம் வேக வேண்டுமென்று விரும்புகிறவர் மழைநீரையோ மென்னீரையோ தேட வேண்டும். திறந்த பாத்திரத்தில் பச்சைக் கடலைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். உலர்ந்த கடலையானால் இரவெல்லாம் ஊறவைத்தும் அதைவிட நேரமாகும். பச்சைக் கடலையின் அந்தச் சுவையும் வராது.

அவிப்பதன் சூட்சுமம் இறக்கிய பின்புதான் இருக்கிறது. வெந்தவுடன் நீரை வடித்துவிடுகிறவர்களுக்கு ஓட்டில் உப்பும் பருப்பில் சப்பும்தான் மிஞ்சும். கொதிக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் காற்றும் நீராவியும் விரிந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அடுப்பு தணிந்து காய் ஆறத் தொடங்கியதும் ஆவி நீராகச் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, உப்புநீரை ஓட்டின் வலைப்பின்னல் வழியாக உள்ளே இழுக்கிறது. ஓட்டிலுள்ள துவர்ப்புப் பொருள்களிலும் ஒரு பகுதி அந்த நீரோடு பருப்புக்குள் சேர்கிறது. கடலை ஒவ்வாமைக்குக் காரணமான புரதங்கள் வறுப்பதால் வீரியம் கூடுகின்றன என்றும், அவிப்பதால் ஓரளவு குறைகின்றன என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதை நம்பி ஒவ்வாமை உள்ளவர் ஒரு பருப்பையும் தொட்டுவிடக் கூடாது.

குண்டானை இறக்கி, ஒரு சாக்கால் மூடி, இருட்டும்வரை அப்படியே விட்டார்கள். திறந்தபோது நீர் கருந்தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. என் கையில் விழுந்த முதல் காயை நசுக்கியதும் உப்புநீர் முழங்கைவரை தெறித்தது. பிளந்த ஓட்டின் உட்புறத்தில், சில நாட்களுக்கு முன் மூதாட்டி வெயிலில் திருப்பிப் பார்த்த அதே கருமை. மூதாட்டி முதிர்ந்த காய்களை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, பருப்பே கட்டாத பிஞ்சுகளாகத் தேடிப் பொறுக்கி, ஓட்டோடு வாயில் போட்டுச் சாற்றை உறிஞ்சிவிட்டு மென்று விழுங்கினார். மடியிலிருந்த பேத்திக்கும் அப்படியே இரண்டு பிஞ்சுகளைக் கொடுத்தார்.